கால் தெரிஞ்சுதா?

எங்கள் வாத்துக் கணக்கெடுப்பில் இருக்கும் அந்தப் பெண், இங்கே வராத வாத்தொன்றைப் பார்த்ததாகப் போனில் சொல்லி முடித்ததும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "கால் தெரிஞ்சுதா?"

"தண்ணிக்குள்ள இருந்துச்சு சார். மூணு நாளா அதே கிளுவைக் கூட்டத்தோடதான் மேயுது."

பைக்கால் கிளுவை, ஆண். முகத்தில் வெளிர்மஞ்சளும் பச்சையும் பிறை பிறையாக, இடையில் கறுப்புக் கோடு. வேறொன்றோடு குழப்பிக்கொள்ளவே முடியாது. கிழக்குச் சைபீரியாவில் கூடு கட்டி, குளிருக்குத் தென்கொரியாவில் லட்சக்கணக்கில் இறங்கும் வாத்து. எங்கள் கணக்கெடுப்புப் படிவத்தில் அதற்கு ஒரு வரிசைகூடக் கிடையாது. அவள் அனுப்பிய படம் கலங்கல்தான், ஆனாலும் முகம் தெரிந்தது. என்ன வாத்து என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எப்படி வந்தது என்பதில்தான்.

காலைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அழகுக்காக வளர்க்கிற வாத்துகளில் இதுவும் ஒன்று. தப்பி வந்ததென்றால் காலில் வளையம் இருக்கலாம், சிலர் அடையாளத்துக்குப் பின்விரலை நறுக்கிவிடுவதும் உண்டு. 2018 அக்டோபரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் குளத்துக்கு ஒரு மாண்டரின் வாத்து வந்து ஊரே திரண்டு பார்த்ததே, அதன் காலில் வளையம் இருந்தது. கிழக்காசியாவிலிருந்து பறந்து வந்ததல்ல, யாரோ வளர்த்தது என்று எண்ண அந்த வளையம் போதும். ஆகவே நான் கேட்டது சரியான கேள்வி. வேறு யார் என் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

எடுத்த எடுப்பில் கேட்டிருப்பார்களா என்பதுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே நான் போயிருக்கலாம். ஆண்டறிக்கை அட்டவணைகள் பாக்கி, நாளைக்கு வருகிறேன் என்றேன். மறுநாள் பனிமூட்டம். அதற்கு மறுநாள் கூட்டமே அங்கில்லை. அறிக்கைக்கு இன்னும் பத்து நாள் அவகாசம் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது குளிர்காலம் வாத்து எண்ணியவன் நான். அவளுக்கு அது இரண்டாவது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

'வந்த வழி ஐயத்துக்குரியது' என்று எழுதிப் பின்னிணைப்பில் போட்டேன். பிரதான பட்டியலில் சேர்க்கவில்லை.

வாத்துகள் வழி மாறுவது ஒன்றும் அதிசயமில்லை. குளிர்கால இடத்திலேயே ஜோடி சேர்ந்து, பெண்ணின் பின்னாலேயே அதன் பிறப்பிடத்துக்குப் போய்விடும் ஆண்கள் உண்டு. முதல் இலையுதிர்காலத்தில் திசை பிசகும் இளசுகள் உண்டு, வேற்றினக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு அது போகிற இடத்துக்கே போகிறவையும் உண்டு. இதையெல்லாம் பயிற்சி வகுப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அவளுடைய நோட்டை மாதக் கடைசியில்தான் முழுதாகப் படித்தேன். இரண்டாம் நாள் பக்கத்தில்: "சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்தது. இதுவும் மற்றவற்றோடு எழும்பியது. இரண்டு இறக்கையும் முழுசு." போனில் இதை அவள் சொல்லவில்லை. நான் சொல்லவிட்டேனா? தப்பிய வாத்தும் ஓராண்டு வெளியில் இருந்தால் பருந்துக்குப் பயப்படக் கற்றுக்கொள்ளும், வளர்த்தவர் வெட்டிவிட்ட இறகும் புதிதாக முளைத்துவிடும். எனவே அந்தக் குறிப்பால் முடிவு மாறியிருக்காது. மாறியிருக்காது என்றுதான் கையெழுத்துப் போட்டேன்.

அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து டென்மார்க் கதையைச் சொன்னேன். 2005 நவம்பரில் அங்கே சுடப்பட்ட ஒரு பைக்கால் கிளுவையின் இறகுகளை ஐசோடோப் சோதனைக்கு அனுப்பினார்கள். இறகு முளைக்கும்போது பறவை குடித்த தண்ணீர், தின்ற இரை இரண்டின் சாயலும் அதில் தங்கிவிடும்; வளர்ந்து முடிந்த இறகு அப்புறம் மாறாது. குஞ்சுப் பருவத்தில் முளைத்த இறகுகள் சைபீரியாவோடு ஒத்துப்போயின. தானாகப் பறந்து வந்ததுதான் என்று முடிவுக்கு வந்தார்கள். "நம்மகிட்ட ஒரு இறகாவது இருந்திருந்தா..." என்று இழுத்தேன்.

"அப்ப அது செத்திருந்தா சேத்திருப்பீங்களா சார்?"

கோபமாகக் கேட்கவில்லை. விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். உண்மையான பதில் 'ஆமாம்' என்பதுதான்.

இந்தக் குளிர்காலமும் அவள்தான் எண்ணினாள். எதுவும் பேச்சில் குறையவில்லை, அதே 'சார்'தான். படிவங்கள் போன வாரம் வந்தன. கிளுவை, நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, எல்லாம் வழக்கமாக வருகிறவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, குறிப்பு என்கிற கட்டத்தில், சின்ன எழுத்தில்: "கால் தெரியவில்லை."

சிரத்தையா, குத்தலா என்று கேட்கப் போனை எடுத்தேன். எடுத்து வைத்துவிட்டேன்.