காலிபர் விவாதமும் கைப்பயிற்சியும்

அமெரிக்காவில் குடியேறி, வீட்டுப் பாதுகாப்புக்காகக் கைத்துப்பாக்கி வாங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, 9 மி.மீ. வாங்கலாமா, .45 வாங்கலாமா என்பதைத்தான் (இவை காலிபரை, அதாவது குண்டின் விட்டத்தைக் குறிப்பவை; .45 என்பது அங்குலக் கணக்கு). எங்கே பயிற்சி எடுக்கலாம் என்று தொடங்கியவர்கள் மிகக் குறைவு. துப்பாக்கிக் கடைகளில் நடக்கும் பேச்சும் பெரும்பாலும் இதையே சுற்றிவருகிறது. இதே கேள்விக்கு விடை தேடி எஃப்.பி.ஐ. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அலைந்திருக்கிறது என்பதால், அந்த வரலாற்றிலிருந்தே தொடங்குவது நல்லது.

1986 ஏப்ரல் 11 அன்று மயாமிக்குத் தெற்கே, வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர் வழிமறித்தார்கள். ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்த அந்தத் துப்பாக்கிச் சண்டையில் ஜெரி டவ், பெஞ்சமின் குரோகன் என்னும் இரு அதிகாரிகள் உயிரிழந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். கொள்ளையரில் ஒருவனான மைக்கேல் பிளாட் காரிலிருந்து வெளியேறும்போதே அவன்மீது 9 மி.மீ. குண்டு ஒன்று பாய்ந்திருந்தது. வலது மேற்கையைத் துளைத்து மார்புக்குள் நுழைந்து நுரையீரலைக் கிழித்த அந்தக் குண்டு, இதயத்தை எட்ட ஏறத்தாழ ஓர் அங்குலமே மீதமிருந்த இடத்தில் நின்றுவிட்டது. உயிரைப் பறிக்கக்கூடிய காயம்தான். ஆனால் அந்தக் காயத்தோடே அவன் தொடர்ந்து சுட்டான், இரு அதிகாரிகளையும் கொன்றது அதற்குப் பிறகுதான்.

குண்டு போதிய ஆழம் செல்லவில்லை என்ற முடிவுக்கு எஃப்.பி.ஐ. வந்தது. 1987இல் தன் பயிற்சிக் கூடம் இருக்கும் குவாண்டிகோவில் காய இயல் வல்லுநர்களைக் கூட்டி ஆராய்ந்தபின், உடல் தசைக்கு ஈடாக வைக்கப்படும் பத்து விழுக்காட்டு ஜெலட்டின் கட்டிக்குள் குண்டு குறைந்தது 12 அங்குலமாவது செல்லவேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டுவது தேவையில்லை என்ற அளவுகோல் உருவானது. வெறும் கட்டியில் மட்டுமல்லாமல், தடித்த துணி, சுவர்ப்பலகை, ஒட்டுப்பலகை, இரும்புத் தகடு, கார்க் கண்ணாடி ஆகியவற்றைக் கடந்தபிறகும் குண்டு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கும் இந்தச் சோதனையைத்தான் தோட்டா நிறுவனங்கள் இன்றும் மேற்கோள் காட்டுகின்றன.

1989இல் அந்த நிறுவனம் வெளியிட்ட அறிக்கை ஒன்று இன்னும் முக்கியமான ஒன்றைச் சொன்னது. கைத்துப்பாக்கிக் குண்டு ஆளைத் தூக்கி எறியும் என்பது வெறும் கற்பனை. மூளையிலோ மேல் தண்டுவடத்திலோ படாதவரை, தாக்குபவரை உடனே நிறுத்தும் என்று எந்தக் குண்டையும் நம்ப முடியாது. இதயமே சிதைந்தாலும், மூளையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு ஒருவர் 10 முதல் 15 வினாடிகள் வரை தன் விருப்பப்படி இயங்க முடியும். ஆக, குண்டு எங்கே படுகிறது, தேவையான ஆழத்தை எட்டுகிறதா என்பவையே முதன்மையானவை. அதன் பருமன் அவற்றுக்கு அடுத்ததுதான்.

இவ்வளவு தெளிவாக எழுதிய பிறகும் எஃப்.பி.ஐ. பெரிய தோட்டாவையே நாடிப் போனது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும். 1990 வாக்கில் 10 மி.மீ. துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தார்கள், சுடும்போது கையைப் பின்தள்ளும் அதன் உதைப்பைப் பல அதிகாரிகளால் சமாளிக்க முடியாததால் வீரியம் குறைந்த தோட்டாவை வரவழைத்தார்கள். குறைத்த வீரியத்துக்கு அவ்வளவு நீளத் தோட்டா எதற்கு என்ற எண்ணத்தில் ஸ்மித் அண்ட் வெஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து .40 என்ற குட்டைத் தோட்டாவை அதே 1990இல் கொண்டுவந்தன. 1997இல் எஃப்.பி.ஐ. அதற்கு மாறியது, நாட்டின் காவல் துறைகள் பலவும் அதே வழியில் சென்றன. பின்னர் 2014இல் அதே நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவு, மீண்டும் 9 மி.மீ.க்கே திரும்பலாம் என்று எழுதியது. குண்டுகளின் வடிவமைப்பு மேம்பட்டுவிட்டதால் காயத்தில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை, உதைப்பு குறைவு, மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் உறையில்) கூடுதல் தோட்டாக்கள் அடங்கும், பெரும்பாலானோர் அதைக்கொண்டு விரைவாகவும் குறிதவறாமலும் சுடுகிறார்கள் என்பவை அவர்கள் கூறிய காரணங்கள். துப்பாக்கி மோதல்களில் காவலர்கள் சுடுவதில் 70 முதல் 80 விழுக்காடு இலக்கில் படுவதில்லை என்று அதே ஆவணம் ஒப்புக்கொள்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு பயிற்சி பெறுபவர்களின் நிலையே இதுவென்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

9 மி.மீ. குண்டின் விட்டம் 0.355 அங்குலம், .45 குண்டின் விட்டம் 0.451 அங்குலம், வேறுபாடு ஓர் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே, கைக்கு வேறு தடை இல்லாதவர்களுக்கு 9 மி.மீ. போதும் என்பதே என் கருத்து. அதன் தோட்டா விலை குறைவு என்பதும், விலை குறைந்தால் பயிற்சி கூடும் என்பதும் அதற்கு வலுவான காரணங்கள். (இந்தியாவில் இந்த விவாதத்துக்கே இடமில்லை, 9 மி.மீ. அங்கே தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது என்பதால், உரிமம் பெற்றவர்கள் பெரும்பாலும் .32தான் வாங்குகிறார்கள்.) துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னிழுக்க விரலில் வலுவில்லாத முதியவர்களுக்கு .38 ஸ்பெஷல் ரிவால்வர் பொருந்தலாம், ஆனால் அதன் விசையை இழுக்கக் கூடுதல் வலு வேண்டும். சின்னஞ்சிறு துப்பாக்கி மென்மையாகச் சுடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம்: எடை குறையக் குறைய உதைப்பு கையில் கூடுதலாகத் தெரியும், 9 மி.மீ.யைவிட வீரியம் குறைந்த .380 தோட்டாவில்கூட.

பயிற்சி என்ன செய்யும் என்பதைக் கண்ணால் காண எளிய வழி ஒன்று உண்டு. மேகசினில் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே ஒன்றிரண்டு போலித் தோட்டாக்களை, சுடுபவருக்குத் தெரியாமல் வேறொருவர் கலந்து வைப்பார். போலித் தோட்டா வரும்போது வெடிப்பு இருக்காது. ஆனால் விசை இழுபடும் அந்தக் கணத்தில் குழல்முனை சட்டென்று கீழே தாழ்வது தெளிவாகத் தெரியும். வரப்போகும் உதைப்பை எதிர்பார்த்துக் கை தானாகவே செய்யும் வேலை அது. குண்டு இலக்குக்குக் கீழே படுவதற்குக் காரணம் துப்பாக்கியின் குறை என்று நம்பிக்கொண்டிருந்த பலர் அந்த ஒரு நொடியில் வாயடைத்துப் போவதைப் பயிற்சிக் கூடத்தில் பார்த்திருக்கிறேன். காலிபர் பெரிதாகும்போது இந்த நடுக்கமும் பெரிதாகும். இதைப் போக்க, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கி காலியாக இருப்பதை இருமுறை உறுதிசெய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் நாள்தோறும் சிறிது நேரம் வெற்றுவிசை இழுத்துப் பழகினால் போதும், செலவே இல்லை.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயதானவர்கள், சட்டத் தடை ஏதும் இல்லாதவரை, உரிமமின்றியே கைத்துப்பாக்கி ஏந்தலாம். உரிமம் எடுப்பவர்களுக்கு இருக்கும் தேர்விலும் 3, 7, 15 கெஜத் தொலைவுகளில் அசையாத காகிதத்தின்மீது 50 தோட்டாக்கள் சுட்டு, 250க்கு 175 புள்ளிகள் எடுத்தால் தேர்ச்சி. அது பயிற்சியின் வாசற்படி மட்டுமே. இருட்டில் கைவிளக்கைப் பிடித்தபடி எதிரில் நிற்பவர் யார் என்று அறிவது, சுடவேண்டியதில்லை என்று முடிவெடுப்பது, சிக்கிய தோட்டாவை அகற்றுவது ஆகியவற்றை அந்தத் தேர்வு கேட்பதில்லை. அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவர்களைக் கைத்துப்பாக்கிக் குண்டு ஒன்றல்ல, பலவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். குறிதவறிய குண்டு பிள்ளைகள் தூங்கும் அறையைச் சென்றடையலாம், அடுக்ககமானால் பக்கத்து வீட்டையும். வீட்டில் யார் எங்கே படுக்கிறார்கள், எந்தத் திசையில் ஒருபோதும் சுடக்கூடாது என்பதைப் பகல் வெளிச்சத்திலேயே நடந்து பார்த்து, குடும்பத்தாரோடு பேசி முடிவுசெய்து வைத்திருக்கவேண்டும். துப்பாக்கிக்குச் செலவிடும் தொகையில் விரைவாகத் திறக்கக்கூடிய சிறிய பூட்டுப்பெட்டிக்கும் ஒரு நல்ல வகுப்புக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மீதிப் பணத்தில் கிடைக்கும் 9 மி.மீ. எதுவானாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றே கேட்பவர்களுக்கு நான் சொல்கிறேன்.