செவ்வாய்க்கிழமை சாயங்கால வகுப்பு

43 வயசுல மறுபடி மாணவியாகிட்டேன். இங்க கலிபோர்னியாவுல, கம்யூனிட்டி காலேஜ்ல, அமெரிக்க வரலாறு. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் 46 டாலர்தான். 3 யூனிட் பாடத்துக்கு 138.

நேத்து 1942 பத்தின பாடம், ஜப்பானோட அமெரிக்கா போர்ல இருந்த சமயம். அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட 9066ஆம் ஆணைக்கு அப்புறம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளிக்காரங்களை முகாம்ல அடைச்சாங்க. அதுல மூணுல ரெண்டு பங்கு பேர் இந்த நாட்டுக் குடிமக்கள்!

பக்கத்து சீட்டுப் பையன் ஹோட்டல் வேலை முடிச்சு நேரா வந்திருந்தான், சட்டைக் கையில இன்னும் மாவு. "எங்க பாட்டி மான்சனார் முகாம்லதான் பொறந்தாங்க"ன்னு மெதுவா சொன்னான். ஆசிரியர் புத்தகத்தை மூடிட்டு அவன் பக்கத்துல உக்காந்துட்டார். மீதி வகுப்பு முழுக்க அவன்தான் பேசினான்.

"இந்த வயசுல கோடிங் படிச்சாலாவது உபயோகம்"னு சொந்தக்காரங்க சொல்றாங்க. அடுத்த செமஸ்டருக்கு சமூகவியல் பதிவு பண்ணிட்டேன்.