போட்டதைக் கழற்றவும் தெரிய வேண்டுமே: ஸ்டோவை ஓட்டிப் பார்த்தேன்

பழைய லேப்டாப், அதில் டெபியன் என்ற லினக்ஸ். அதன் நிரல் நிறுவியான ஆப்ட் தருவதைவிடப் புதிய பதிப்பு வேண்டுமென்றால் சோர்ஸை (மூல நிரலை) இறக்கிக் கட்டி, மேக் இன்ஸ்டால் என்ற நிறுவும் கட்டளையை அடிப்பேன். போடுவது சுலபம், எடுப்பதில்தான் வினை. டெர்மினலைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் டிமக்ஸின் பழைய பதிப்பை நீக்கப் போனால் சோர்ஸ் ஃபோல்டரை எப்போதோ அழித்திருக்கிறேன். இப்படிப் போடுபவை போய்ச் சேரும் /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குள் எது எதனுடைய கோப்பு என்று பிடிபடவில்லை.

இதற்கு வழி தேடினேன். முதலில் பார்த்தது சோர்ஸிலிருந்து கட்டி நிறுவித் தரும் பிகேஜிசோர்ஸ், நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்காரர்களுடையது. 1997 முதல் இருப்பது, லினக்ஸிலும் ஓடும். ஆனால் நிரலுக்குத் தேவையான சார்பு நூலகங்களையும் அதுவே கட்டத் தொடங்கியதும் ஃபேன் அலறியது. மூன்று நிரலுக்கு இவ்வளவு எதற்கு? அடுத்தது செக்இன்ஸ்டால்: டெபியனின் நிறுவல் வடிவமான டெப் கோப்பாகவே கட்டித் தரும், நல்ல கருவிதான். ஆனால் இரண்டு பதிப்புகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்க்க, ஒவ்வொரு நிரலையும் தனி ஃபோல்டரில் வைத்து நிர்வகிக்கும் குனு ஸ்டோதான் தோதாக இருந்தது.

கட்டுவதற்கு முன் கன்ஃபிகர் செய்யும்போதே பிரிஃபிக்ஸாக (நிறுவும் இடமாக) /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஸ்டோ/டிமக்ஸ்-3.4 என்று தனி ஃபோல்டரைக் கொடுத்துவிட வேண்டும். ஸ்டோ அங்கிருந்து பின், ஷேர் போன்ற இடங்களுக்கு சிம்லிங்க் (கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) மட்டும் போடும். ஸ்டோ கட்டளையோடு பெரிய டி (-D) கொடுத்தால் லிங்குகளைக் கழற்றிவிடும். 3.4-ஐக் கழற்றி 3.5-ஐ மாட்ட இரண்டே வரி. நானோ என்ற எடிட்டரைப் போட்டபோது மட்டும் ஷேர்/இன்ஃபோவில் உள்ள டிர் என்ற பெயருடைய கோப்பு முட்டியது. வேறொரு நிரலும் அதே பெயரில் ஒன்று வைத்திருந்தது. நானோ ஃபோல்டரில் இருந்ததை அழித்தேன், சரியாகிவிட்டது.

அப்புறம் இதையெல்லாம் ஒரு ஸ்கிரிப்டில் போட்டேன். அங்கேதான் அடி. சோர்ஸ் வைத்த ஃபோல்டரின் பெயர் 'என் சோர்ஸ்', நடுவில் இடைவெளி. ஃபோல்டருக்குள் போகும் சிடி கட்டளை வரியில், அந்தப் பெயரை வைத்திருந்த மாறிக்கு மேற்கோள்குறி போடவில்லை. பெயர் இரண்டாக உடைந்து சிடி தோற்றது. ஸ்கிரிப்ட் நிற்கவில்லை. அடுத்த வரி, பழைய கட்டுமானத்தைத் துடைக்க நான் எழுதிய ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளை, 'இருக்கும் எல்லாம்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறியோடு. நான் நின்றது டவுன்லோட்ஸில். இறக்கி வைத்த சோர்ஸ் டார் (தொகுப்பு) கோப்புகள் மொத்தமும் போயின. நல்லவேளை, மறுபடி இறக்கக்கூடியவைதான்.

இப்போது ஸ்கிரிப்டின் மேலே செட் வரியில் இ, யூ இரண்டும் இருக்கின்றன: கட்டளை தோற்றாலும் நிற்கும், மதிப்பில்லாத மாறியைத் தொட்டாலும் நிற்கும். ஆனாலும் சிடிக்குப் பக்கத்திலேயே 'தோற்றால் வெளியேறு' என்று தனியாகவும் எழுதியிருக்கிறேன். சூடு கண்ட பூனை.

நேற்று ஸ்கிரிப்டில் பிழை தேடும் ஷெல்செக்கில் கொடுத்தேன். பதினோரு எச்சரிக்கை, ஒன்பது மேற்கோள்குறிக்கு. மீதி இரண்டு, எந்த ஷெல்லில் ஓட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியில் எஸ்எச் என்று போட்டுவிட்டு உள்ளே பாஷ் என்ற வேறு ஷெல்லின் இரட்டைச் சதுர அடைப்பை எழுதியதற்கு. டெபியனில் எஸ்எச் என்றால் டாஷ் என்ற இன்னொரு ஷெல், அதற்கு இது புரியாது. பாஷ் என்று சொல்லியே ஓட்டி வந்ததால் இதுவரை தப்பித்திருக்கிறேன்.