வீங்கிய பற்றரியை ஒட்டித் தருவதில்லை

கிளிநொச்சியில் போன் திருத்தும் வேலை செய்கிறேன். "தம்பி, பின்மூடி எழும்பி நிக்குது, கொஞ்சம் ஒட்டித் தாங்கோ" என்று அடிக்கடி யாராவது வருவார்கள். பெரும்பாலும் பிழை மூடியில் இருக்காது, உள்ளே பற்றரி வீங்கியிருக்கும். அதை ஒட்டிக் கொடுக்க மாட்டேன். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும்.

லித்தியம் அயன் பற்றரிக்குள் இரண்டு மின்தகடுகளை மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒன்றுதான் பிரித்து வைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் திரவமும் தீப்பற்றக்கூடியது. அது சிதைந்து வரும் வாயுதான் வீக்கம். தாள் ஓரிடத்தில் கிழிந்தால் போதும், தகடுகள் முட்டிச் சூடேறும், அந்தச் சூடே இன்னும் சூட்டைக் கிளப்பும். வீங்கினதை ஊசியால் குத்திக் காற்றெடுக்கிறார்கள் என்று கேட்டாலே நெஞ்சு பதறுகிறது.

இன்னொன்று, செத்த பற்றரியை எழுப்பித் தரச் சொல்வது. மாதக்கணக்கில் அலுமாரியில் கிடந்த போனாக இருக்கும். நாட்கூலிக்குப் போகிறவருக்குப் புதுப் பற்றரி பாரம்தான், எனக்கும் தெரியும். ஆனால் அளவுக்கு மிஞ்சி வடிந்த பற்றரிக்குள் செப்பு கரையத் தொடங்கிவிடும். திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது அது வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே மின் ஒழுக்குக்கு வழி செய்யும். கடையில் நன்றாக வேலை செய்யும். இரவு பிள்ளையின் தலைமாட்டில் என்ன செய்யும் என்று யார் சொல்வது?

2016இல் சாம்சுங் கலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது சுமார் 25 இலட்சம் போன்களைத் திரும்பக் கேட்டார்கள். மாற்றிக் கொடுத்தவையும் எரிந்தன, தயாரிப்பையே நிறுத்தினார்கள். அந்தப் போனுக்குப் பற்றரி செய்து கொடுத்த இரண்டு நிறுவனங்களில் ஒன்றினுடையதில் மூலையில் தகடு மடங்கியிருந்தது, மற்றதினுடையதில் உலோக ஒட்டுவேலையில் (வெல்டிங்) பிசிறு. அங்கே தேடிப்பிடிக்க ஒரு பெயர் இருந்தது. எங்கள் சந்தைக்கு வரும் பெயரில்லாத பற்றரியை யார் திரும்பக் கேட்பார்? அதனால் நிறுத்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். பெரிய கொள்ளளவு அச்சடித்திருக்கும், நிறை குறைவாக இருக்கும். அப்படிப்பட்டதை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவேன். பூட்டுகிற ஒவ்வொன்றிலும் திகதியும் எழுதிவிடுவேன்.

கழற்றியதை வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் வளவில் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடுகிறார்கள். அதனால் அதையும் நானே வாங்கி, மணல் போட்ட தகரப் பேணியில் வெளியே வைக்கிறேன். அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவுச் சேகரிப்பாளர்கள் நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் மல்லாவி, ஒட்டுசுட்டான் வரை வந்து எடுத்துப்போக, பிரதேச சபைகள் ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும்.