திகதி இடாத இராஜினாமாக் கடிதங்கள்

எல்லையில்லா அதிகாரம் கைக்கு வந்தால் எந்தத் தலைவரும் கெட்டுத்தான் போவாரா? இதை இலங்கையை வைத்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். 1978 முதல் அங்கே ஆட்சியை நேரடியாக நடத்தும் நிறைவேற்று ஜனாதிபதி என்ற பதவி இருக்கிறது. ஆட்கள் மாறினார்கள், கட்டுப்பாடுகளும் ஒவ்வொருவர் காலத்தில் கூடின, குறைந்தன.

1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வாங்கிய வாக்கு 51 வீதத்தை எட்டவில்லை. தொகுதிமுறை காரணமாக 168 ஆசனங்களில் 140 கிடைத்தது. அந்தப் பலத்தில்தான் கட்சித் தலைவர் ஜே.ஆர். ஜயவர்த்தன புதிய அரசியல் யாப்பை நிறைவேற்றினார். 1980இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமை ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் அவரால் நிற்க முடியவில்லை.

அதில் ஜே.ஆர். 52.9 வீதம் பெற்று வென்றார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. புதிய யாப்பில் வாக்கு வீதத்துக்கேற்ப ஆசனம் தரும் விகிதாசார முறை. அதே வாக்கு பொதுத்தேர்தலில் விழுந்தால் ஆட்சி நிலைக்கும், ஆனால் மூன்றிலிரண்டு பெரும்பான்மை போய்விடும். நினைத்தபோது யாப்பைத் திருத்த முடியாது. ஆகவே பொதுத்தேர்தலையே தவிர்த்தார்கள். பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிப்பதா என்று 1982 டிசம்பர் 22 அன்று சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. நீடிக்க விளக்குச் சின்னம், மறுக்கக் குடம். 54 வீதத்துக்கு மேல் விளக்குக்கு விழுந்தது. அதற்கு முன்பே ஆளுங்கட்சி உறுப்பினர்களிடமிருந்து திகதி இடாத இராஜினாமாக் கடிதங்களை ஜே.ஆர். எழுதி வாங்கிவிட்டார். முரண்டு பிடிப்பவரை வெளியேற்ற ஒரு திகதியை எழுதினால் போதும்.

1977இல் தெரிவான அந்தச் சபைதான், 1983இல் தமிழருக்கு எதிரான ஜூலைப் படுகொலை நடந்த மறுமாதமே ஆறாம் திருத்தத்தை நிறைவேற்றியது. பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். தமிழர் தரப்பின் குரல் பாராளுமன்றத்தில் அற்றுப்போனதன் விலையை நாம் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கெடுதி சுபாவத்தில் மட்டும் இல்லை என்று நான் சொல்வதற்குக் காரணம், பின்னர் வந்த திருத்தங்கள். 2010இல் 18ஆம் திருத்தம் ஜனாதிபதிக்கான இரண்டு தவணை வரம்பை நீக்கியது. ஆணைக்குழுக்களுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் ஆட்களை நியமிப்பது ஜனாதிபதியின் கைக்குப் போனது. 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க குற்றப்பிரேரணை மூலம் நீக்கப்பட்டார். 2015இல் 19ஆம் திருத்தம் தவணை வரம்பையும், நியமனங்களில் ஜனாதிபதியைக் கட்டுப்படுத்தும் அரசியலமைப்புப் பேரவையையும் மீட்டது. பாராளுமன்றம் கூடி நாலரை ஆண்டு ஆகுமுன் ஜனாதிபதி அதைத் தன்னிச்சையாகக் கலைப்பதையும் தடுத்தது.

2018 நவம்பர் 9 அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கலைத்தே பார்த்தார். ஜனநாயகத்தை மீட்பதாக வாக்குக் கேட்டு வந்தவர் அவர். டிசம்பர் 13 அன்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். ஆசை அவருக்கும் வந்தது. யாப்பும் நீதிமன்றமும் இடம் கொடுக்கவில்லை.

2020இல் 20ஆம் திருத்தம் அந்தத் தடைகளில் பெரும்பாலானவற்றை அகற்றியது. 2021இல் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தபோது, அமைச்சரவையிலோ சபையிலோ அதை நிறுத்தக்கூடிய பலம் எவருக்கும் இருக்கவில்லை. விளைச்சல் விழுந்து, மாதக்கணக்கான பின்பே தடை தளர்ந்தது.

இப்போது 21ஆம் திருத்தம் நடைமுறையில் உள்ளது. பேரவை திரும்பியிருக்கிறது, ஆனால் இரண்டரை ஆண்டு கழிந்தால் பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் இன்னமும் ஜனாதிபதியிடம்தான். 1994இல் சந்திரிகா குமாரதுங்கவும் 2005இல் மஹிந்த ராஜபக்ஷவும் இந்தப் பதவிமுறையை ஒழிப்பதாகச் சொல்லித்தான் வாக்குக் கேட்டார்கள்.