லூ குரோசாவின் 72 அங்குல டேப்

அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பவர்தான் கிக்கர். இன்றைய கிக்கர்கள் சாய்வாக ஓடிவந்து புறங்காலால் உதைக்கிறார்கள். 1946-ல் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியில் சேர்ந்த லூ குரோசாவோ நேராக வந்து உதைப்பவர். முனை சதுரமான ஷூ, விறைத்த கணுக்கால், விரல்நுனியில் அடி. நடுவிலிருந்து துளி விலகினாலும் பந்து பக்கவாட்டில் சுழன்று கம்பத்துக்கு வெளியே போய்விடும். கணுக்கால் தளர்ந்தால் தூரம் போச்சு. அதற்குத்தான் தரையில் 72 அங்குல டேப் ஒட்டி நேர் பார்த்துக்கொண்டார். லீக் பிறகு அதைத் தடை செய்தது. (அநியாயம்தான்!) இத்தனைக்கும் கிக் போக மீதி நேரமெல்லாம் லெஃப்ட் டேக்கிளாக (எதிரணியைத் தடுக்கும் முன்வரிசை ஆட்டக்காரராக) முட்டி மோதுகிற ஆள்.

1950 இறுதிப் போட்டியில் ஸ்நாப் (உதைப்பதற்காகப் பந்தைப் பின்னால் எறிந்து தருவது) பிசகி ஒரு எக்ஸ்ட்ரா பாயிண்ட் (உதைத்து எடுக்கும் கூடுதல் ஒரு புள்ளி) போனது. கடைசி அரை நிமிடத்தில் எதிரணி ராம்ஸ் 28-27 முன்னிலை. சக வீரர் டாமி ஜேம்ஸ் பந்தை நிறுத்த, 16 யார்டிலிருந்து குரோசா உதைத்தார். 30-28, பிரவுன்ஸ் வெற்றி.

முதுகுவலியால் 1960-ல் ஆடவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்து, 1967 வரை உதைத்தார்.