அத்தையும் அனிமேஷன் கோலமும்

2007இல் ஃபிளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்த புள்ளிக்கோல அனிமேஷன்கள் ஏழெட்டு என் இணையதளத்தில் கிடந்தன. 2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனம் ஃபிளாஷைக் கைவிட்டதும் எல்லாம் வெறும் கட்டங்களாகிவிட்டன. "கோலத்தை அழிச்சிட்டியாடா?" என்று அத்தை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். ரஃபிள் என்று ஓர் இலவச நிரல், பழைய ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய உலாவியில் ஓட்டிக் காட்டும். அதைத் தளத்தில் ஏற்றி, இணையப் பக்கத்தின் நிரலில் ஒரு வரி சேர்த்தேன். அவ்வளவுதான், சிக்குக்கோலத்தின் இழை மறுபடி புள்ளியைச் சுற்றி வளைந்து ஓடியது!

சரி, இறக்கிக்கொள்ள வேண்டுமென்றால்? ஜிஃப் என்ற அசையும் படக் கோப்பாக ஆக்கிப் பார்த்தேன். ஒரு படத்துக்கு 256 நிறம்தான். காவிப் பட்டை திட்டுத் திட்டாக வந்தது, அளவும் 14 எம்பி. அதையே எம்பி4 வீடியோ ஆக்கினால் ஒரு எம்பிகூட இல்லை. அப்புறம் இன்னொரு வம்பு: இணைப்பைத் தொட்டால் இறங்காமல் உலாவியிலேயே ஓடியது. இணைப்பின் ஹெச்டிஎம்எல் குறியில் 'download' என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. (கோப்பு அதே தளத்தில் இருந்தால்தான் இது பலிக்கும்.)

காலையில் அத்தைக்கு அனுப்பினேன். ஒரே நிமிஷத்தில் பதில்: "மூணாவது வரிசையில இழை தப்பு."